பற்குறியுடன் கூடிய குறடு

"எங்கேண்ணே உன் குறடு? கேக்குறேன்ல."

"சங்கத்துல இருக்கு."

"சங்கத்துக்கு எதுக்குக் குறடு? சங்கமா கடலுக்குப் போகுது?"

"மாதிரிக்கு வச்சிருக்காங்க."

"மாதிரிக்கு உன்னைத் தூக்கி வச்சிருக்கலாமே. குறடாவது வீட்டுல இருந்திருக்கும்."

தங்கச்சிக்காரி இப்படிப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு ஜன்னலும் மூடியிருக்கவில்லை. மூடிக் கிடந்த ஒன்றிரண்டும் திடீரென்று காற்று வேண்டித் திறந்துகொண்டன. அண்ணன்காரர் வாசல் நிலையைப் பிடித்தபடி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அது சங்கத்துக் கூட்டங்களுக்காகவென்று தனியாக வாங்கிய செருப்பு. மனிதர் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவர். ஆனால் கடல் தொழிலாளர் சங்கம் அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து தெருவுக்கு அவர் மெம்பர். மளிகைக் கடைக்காரர்கூட "மெம்பருக்கு முதல்ல குடு" என்பார். அந்த மரியாதை மெம்பருக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்று அவரும் சொன்னதில்லை.

கூடத்தில் தங்கச்சியின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமான் மாதிரி, கவிழ்த்த வாளியின் மேல் வைத்திருந்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் தூண்டில் முள் வளைவு வரை இறங்கியிருந்தது. முள்ளோடு சேர்ந்து மரத்தில் செய்த பொய்மீன் ஒன்று தொங்கியது. அதற்கு யாரோ ரசித்து வரைந்த பெரிய கண். அறையில் யார் எங்கே நகர்ந்தாலும் அது அவர்களையே பார்த்தது.

"வலிக்குதா மாப்பிள்ளை?" என்றார் மெம்பர்.

"மீனுக்கு வலிக்குற அளவு இருக்காது மச்சான். அதுங்க எப்படிப் பொறுத்துக்குதுங்கன்னுதான் காலைலேருந்து யோசிச்சுட்டு இருக்கேன்."

"ஜோக்கு வேற," என்றாள் தங்கச்சி. "சங்கத்துக் குறட்டை வச்சு மீன் வாயிலேருந்து முள்ளை எடுக்கப் பாத்திருக்காரு. அது தெறக்கலை. சரி, கையாலயே எடுத்துடலாம்னு போயிருக்காரு. மீன் ஒரு உதறு உதறிச்சு."

நர்ஸம்மா துறைமுகத்து மருந்தகத்திலிருந்து பையோடு வந்திருந்தார். முள்ளின் நுனியில் பின்பக்கம் பார்த்து ஒரு சின்னச் சிலும்பு இருக்கும்; வந்த வழியே இழுத்தால் அது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அதனால் முள்ளை முன்னால் தள்ளி நுனியை வெளியே எடுத்து, நறுக்கிவிட்டு, மிச்சத்தைப் பின்வழியே உருவ வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. மரத்துப்போகிற ஊசி பையில் தயாராக இருந்தது. நறுக்கத்தான் ஒன்றும் இல்லை. எலெக்ட்ரீசியன் வீட்டுக் குறட்டை வாங்கி முள்ளின் பின்பக்கத்தில் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். கடல் முள் சும்மா இல்லை. குறட்டின் வெட்டு விளிம்பில்தான் பள்ளம் விழுந்தது. எலெக்ட்ரீசியன் அதை வாங்கிப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் சாயங்காலம்தான்.

"மருந்தகத்துக்கும் சங்கம் ஒண்ணு குடுத்திருக்கே," என்றார் மெம்பர், செருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நர்ஸம்மா பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். சாம்பல் நிற உடம்பு, நீல ரப்பர்க் கைப்பிடி. துருவென்று ஒரு பொட்டு இல்லை. பளபளவென்று இருந்தது.

"இதுல முகம் பாக்கலாம்," என்றார் நர்ஸம்மா. "காத்தடிச்சா பேப்பர் மேல வைக்கலாம். தெறக்கத்தான் தெறக்காது."

கைப்பிடி ரப்பரில் வரிசையாகப் பற்கள் பதிந்த தடம் இருந்தது. நடுவில் ஒரு பல் மட்டும் விட்டுப்போயிருந்தது. மெம்பர் வாயை மூடிக்கொண்டார். நடுவில் ஒரு பல் இல்லாதவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

கதை இப்படித்தான் ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரில் குறடுகள் சீக்கிரம் வீணாகின்றன என்று சங்கத்துக்குக் கவலை வந்தது. கவலை வந்தால் சங்கத்தில் குழு போடுவது வழக்கம். நீண்ட நாள் உழைக்கும் குறட்டைத் தேர்ந்தெடுக்கும் உயர்நிலைக் குழு என்று ஒன்று போட்டார்கள். அதில் கடலுக்குப் போகிறவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், அதிகம் பேசாதவராகப் பார்த்து மெம்பரைப் பிடித்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை, உட்கார மெத்தை தைத்த நாற்காலி, தேநீருக்குத் தட்டோடு கூடிய கோப்பை. முதல் நாள் தேநீரை மெம்பர் தட்டில் ஊற்றிக் குடிக்கப் போய், மற்றவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி கோப்பையிலேயே ஊற்றிவிட்டார். அன்றைக்கு இறங்கியது அவர் தைரியம். பிறகு ஏறவே இல்லை.

"கடலில் பல காலம் உழைத்த குறடு ஒன்று நமக்கு அளவுகோலாக வேண்டும்," என்றார் செயலாளர். மெம்பர் தன்னுடையதையே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைத் தேர்ந்தெடுத்த விதம் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதம்தான். உடம்பும் நடு ஆணியும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். இரண்டு வேறு உலோகத்தைச் சேர்த்து உப்புத் தண்ணீரில் போட்டால் ஒன்றை ஒன்று தின்னும். ஸ்பிரிங்கில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்; ஒட்டினால் துருப்பிடிக்கிற ஜாதி. வெட்டு விளிம்பு தேய்ந்தால் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வாளித் தண்ணீருக்குள் வைத்துத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் மீனுக்காகக் காத்திருக்கும் பூனைக்குக்கூட உப்பு முதலில் போய் உட்காருகிற இடம் நடு ஆணி என்று தெரியும்.

குழுவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. குழுவுக்கு அது அதிகாரத்துக்கு உட்பட்டதாக இல்லை. உடல் துணைக்குழு என்று ஒன்று, கைப்பிடித் துணைக்குழு என்று ஒன்று. நடு ஆணி என்பது கைப்பிடி தொடங்குகிற இடம், எனவே எங்களுடையது அல்ல என்றது உடல் துணைக்குழு. அது உடல் முடிகிற இடம், எங்களுடையது அல்ல என்றது கைப்பிடித் துணைக்குழு. இரண்டு தரப்பும் மிகவும் மரியாதையாக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். ஆணியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சோதனைக்கு வந்த குறடுகளைப் பீங்கான் தட்டுகளில் கடல்நீர் ஊற்றி ஊறப் போட்டார்கள். யாரும் நடுவில் மாற்றி வைத்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். ஊறி முடிந்ததும் செயலாளர் பூதக்கண்ணாடியோடு தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தார். ஒன்றில் மட்டும் துருவே இல்லை. "இதுதான்," என்றார்.

மெம்பர் கையைப் பாதி தூக்கினார். "சார்... ஒரு தடவை தெறந்து பாத்துட்டா..."

"திறந்தால் முத்திரை உடையும்," என்றார் செயலாளர் பொறுமையாக. "முத்திரை உடைந்தால் சோதனை செல்லாது. சோதனை செல்லாத குறடு எவ்வளவு நன்றாகத் திறந்தாலும் அதை நாம் குறடு என்று ஏற்க முடியாது. என்ன மெம்பர், சரிதானே?"

பாதி தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெம்பர் அதனாலேயே காலரைச் சரி செய்துகொண்டார். "சரிதான் சார்." அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது, பக்கத்தில் பிஸ்கட்டோடு. குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்தப் பற்குறி சங்கதி அதற்கு அப்புறம். வாங்கப்போகும் குறடுகள் எல்லாம் மெம்பரின் குறடு போலவே இருக்க வேண்டும் என்று கைப்பிடித் துணைக்குழு விவரம் எழுதியது. கைப்பிடித் துணைக்குழு எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. மெம்பருக்கு ஒரு பழக்கம். இரண்டு கையும் தூண்டில் நரம்பைப் பிடித்திருக்கும்போது குறட்டை வாயில் கவ்விக்கொள்வார். வருஷக்கணக்கில் கவ்விக் கவ்வி நீல ரப்பரில் பல் பதிந்துபோயிருந்தது. துணைக்குழு அதையும் அளந்து, "கைப்பிடியின் மேற்புறம், நடுவில் ஓர் இடைவெளியுடன் கூடிய பற்குறி" என்று எழுதி வைத்தது. தொழிற்சாலைக்காரர்களும் கேள்வி கேட்காமல் அச்சு வார்த்தார்கள். குறடு வந்து இறங்கிய அன்று மெம்பர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்க் காட்டினார். "இது என் பல்லு," என்றார். நாமும் சும்மா இருக்காமல் வாயைத் திறக்கச் சொல்லி ஒத்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொன்னோம்.

அந்தப் பல் போனதே தங்கச்சியால்தான். சின்ன வயதில் நரம்பில் கட்டுகிற ஈயக்குண்டை அவள் விளையாட்டாக வீசி, அது அவர் வாயில் பட்டது. யார் செய்தது என்று அப்பா விசாரித்தபோது, அண்ணன் தானே விழுந்துவிட்டதாகச் சொல்லி அடியும் வாங்கிக்கொண்டார். தங்கச்சி இதை யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லுவாள். எங்கண்ணன் எனக்காகப் பல்லே குடுத்தவரு என்பாள்.

புதுக் குறடு வேண்டுமானால் பழசைக் கொடுத்துவிட வேண்டும் என்றது சங்கம். எல்லோரும் கொடுத்தார்கள். பழசுகளை உருக்கிச் சங்க வாசலில் பெரிய நங்கூரச் சிலை ஒன்று நிறுத்தினார்கள். மெம்பரின் குறடு மட்டும் உருகாமல், அரக்கு முத்திரையோடு, கூட்ட அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. மற்றபடி அன்று காலை நிலவரப்படி துறைமுகத்தில் இருந்த குறடுகள் எல்லாம் பளபளவென்று, துருவில்லாமல், மூடியது மூடியபடி இருந்தன. நடு ஆணி மட்டும் உப்புக்காற்று பட்டே உள்ளுக்குள் இறுகிப்போயிருந்தது.

சங்க அலுவலகத்துக்கு மெம்பர் முன்னால் நடந்தார், தங்கச்சி பின்னால். பாதித் தெருவில் தங்கச்சி அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார். மெம்பரை மெத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தங்கச்சி நின்றுகொண்டிருந்ததால் மெம்பருக்கு உட்காரவும் முடியவில்லை, உட்காராமல் இருக்கவும் முடியவில்லை, விளிம்பில் ஒட்டிக்கொண்டார்.

"மாதிரியை வெளியே அனுப்ப முடியாதே அம்மா," என்றார் செயலாளர், உண்மையாகவே வருத்தப்பட்டு. "உள்ளே இருக்கும் வரைதான் அது மாதிரி. வெளியே போனால் வெறும் குறடாகிவிடும். பிறகு மற்ற குறடுகளை நாங்கள் எதோடு ஒப்பிடுவது?"

"என் வீட்டுக்காரர் கையில முள்ளு இருக்குங்க."

"அதற்கும் வழி இருக்கிறது. அவசர நேரத்தில் பயனாளர் பிரதிநிதி பரிந்துரைத்தால் பரிசீலிக்கலாம்."

"அது நான்தான் சார்," என்றார் மெம்பர்.

"அதுதான் சிக்கல். முள் ஏறியவர் உங்கள் உறவினர். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு உங்களை ஒருவர் சொல்லிவிடக் கூடாது. உங்கள் மானம் எங்கள் மானம் மெம்பர்."

"அப்ப வேற பிரதிநிதி யாராவது..."

"பிரதிநிதி நீங்கள் ஒருவர்தான்."

தங்கச்சி மேசைமேல் கையை ஊன்றினாள். "அப்ப இவருக்குச் சொந்தமில்லாதவன் கையில போய்க் குத்திக்கணுமா?"

"குத்தினால் உடனே பரிசீலிப்போம் அம்மா."

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்து பேசி யாரும் பார்த்திராத பெண். பெட்டிச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும். அவள் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "செயல்விளக்கம்னா இங்கேயே எடுக்கலாம் சார். வெளிய போக வேண்டியதில்ல."

செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. முள்ளை நினைத்து அல்ல. அந்த வருஷத்துக்குச் செயல்விளக்கம் ஒன்று பாக்கி இருந்தது.

ஆக, மாப்பிள்ளையைச் சங்கத்துக்கு அழைத்து வந்தார்கள். வேட்டைக்காரன் பிடித்த பறவையைத் தூக்கி வருகிற மாதிரி கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பொய்மீன் ஆடிக்கொண்டே வந்தது. கூட்ட அறையில் மேசைமேல் பச்சைத் துணி விரித்திருக்கும். ரத்தம் பட்டுவிடுமே என்று அதைச் சுருட்டி எடுத்தார்கள். மாப்பிள்ளை கீழே ஏதாவது விரிப்பார்களோ என்று காத்திருந்துவிட்டு, வெறும் மேசையிலேயே கையை வைத்தார். துணைக்குழுக்காரர்கள் வந்து சேரக் கொஞ்சம் நேரமானது. உடல் துணைக்குழு முதலில் வந்து, கைப்பிடித் துணைக்குழு வந்த பிறகுதான் உட்காருவேன் என்று நின்றுகொண்டிருந்தது. அதற்குள் கை வெள்ளரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நர்ஸம்மா ஊசியை எடுப்பதும் மணி பார்ப்பதுமாக இருந்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே. கருவி தருவதோடு கடமை முடிந்தது என்று கைகழுவுகிற சங்கமல்ல நம் சங்கம். நாம் தந்த கருவியால் வந்த காயத்தையும் நம் கூரைக்குக் கீழேயே, நம் மேற்பார்வையிலேயே குணப்படுத்துகிறோம். இப்படி ஒரு சங்கம் வேறெங்காவது உண்டா? இந்தக் காயம் இல்லாவிட்டால் இன்றைய கூட்டம் உண்டா? எனவே காயம்பட்ட சகோதரருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி."

கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் பழக்கதோஷத்தில் தட்டப் போனார். நர்ஸம்மா மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டார்.

"விதிப்படி முதலில் அங்கீகரிக்கப்பட்ட குறடு," என்றார் செயலாளர்.

புதுக் குறடு ஒன்றைப் பிரித்து நீட்டினார்கள். நர்ஸம்மா பார்த்தார், முடியவில்லை. உடல் துணைக்குழு வாங்கிப் பார்த்தது. பிறகு உடல் துணைக்குழு ஒரு கைப்பிடியையும், கைப்பிடித் துணைக்குழு மற்றதையும் பிடித்து, பெரிய மனுஷர்கள் இருவரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் ஊன்றி இழுத்தார்கள். கைப்பிடித் துணைக்குழுவுக்குச் சட்டைப் பொத்தான் தெறித்தது. குறடு அசையவில்லை.

"கவனித்தீர்களா?" என்றார் செயலாளர். "என்ன உறுதி."

மறுபடி கைதட்டினார்கள்.

"தெறக்கலைங்க," என்றாள் தங்கச்சி.

"திறப்பது வேறு, உறுதி வேறு அம்மா. நாங்கள் சான்று கொடுத்தது உறுதிக்கு."

"அது குறடுங்க. தெறக்கலைன்னா அது எதுக்கு?"

செயலாளருக்கு லேசாக வியர்த்தது. கூட்டத்தில் இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. அவர் மெத்தை நாற்காலிப் பக்கம் திரும்பினார். "நம் மெம்பர் இருக்கிறார். கடலும் தெரிந்தவர், குழுவிலும் இருந்தவர். கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மெம்பர், நீங்களே சொல்லுங்கள். இது திறக்குமா, திறக்காதா?"

எல்லோரும் பார்த்தார்கள். பொய்மீனும் பார்த்தது. ஆனால் மெம்பருக்கு அந்த அறையில் தெரிந்தது தங்கச்சியின் முகம் ஒன்றுதான். காலையிலிருந்து இருந்த கோபம் அதில் இப்போது இல்லை. ஈயக்குண்டை ஒளித்து வைத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நின்றபோது அவரைப் பார்த்தாளே, அதே பார்வை. அண்ணன் சொல்லிவிடுவார். அண்ணன் பார்த்துக்கொள்வார்.

தெறக்காது சார். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது தொண்டை வரை வந்தும் விட்டது. அப்போது பார்த்து சட்டையில் குத்தியிருந்த வில்லை கண்ணில் பட்டது. கீழே மெத்தை உறுத்தியது. அடுத்த கூட்டத்தில் இந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து தேநீர் குடிப்பது போல ஒரு காட்சி அவருக்குத் தோன்றியது. அவ்வளவு அற்பமான காட்சிக்காகவா என்று அவரே பிறகு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எண்ணெய்..." என்றார் மெம்பர். "கொஞ்சம் எண்ணெய் போட்டா தெறக்கும் சார்."

தங்கச்சி வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டியிருந்தால் மெம்பர் பிழைத்திருப்பார். அவள் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள், வெயில் கண்ணில் பட்ட மாதிரி.

"எண்ணெய் போட்டா முள்ளே வழுக்கிட்டு வந்துடுமே மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "குறடு எதுக்கு?" ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவருமே தன் சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்.

செயலாளர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "பார்த்தீர்களா, அனுபவசாலியின் வார்த்தை. எண்ணெய் கொண்டு வாருங்கள்." கதவுக்கீலுக்குப் போடுகிற எண்ணெய்க் குப்பி ஒன்று பின்னறையில் இருந்தது. அதைக் கொண்டு வர மெம்பரே எழுந்து போனார். அந்த அறையை விட்டு வெளியே போக ஒரு காரணம் கிடைத்ததே என்று இருந்தது அவருக்கு. அவர் போனதும், கதவுக்கீல் எண்ணெயைக் குறட்டுக்குப் போடலாமா, அது எந்தத் துணைக்குழுவின் அனுமதியில் வரும் என்று பேச்சு கிளம்பியது. நடு ஆணிக்குத்தானே போடப்போகிறோம் என்றார் ஒருவர். அப்படியானால் எங்களுடையது அல்ல என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பின்னறையில் மெம்பர் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்தபோது, கூட்ட அறையில் கண்ணாடி நகரும் சத்தம் கேட்டது. ஸ்டோர் கீப்பர் யாரையும் கேட்கவில்லை. கழுத்துச் சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தாள், அரக்கை நகத்தால் பெயர்த்தாள், குறட்டை நர்ஸம்மா கையில் கொடுத்தாள். செயலாளர் "அது, அது," என்றார். மேற்கொண்டு அதற்கு விதியில் வார்த்தை இல்லை. நர்ஸம்மா ஊசி போட்டார், முள்ளை முன்னால் தள்ளினார். மாப்பிள்ளை துண்டைக் கடித்துக்கொண்டார்.

டக்கென்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் மெம்பருக்கு நன்றாகத் தெரியும். விடிகாலைகளில் அவர் கையிலேயே கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். நறுக்கிய நுனி மேசையில் உருண்டது. நர்ஸம்மாவின் கையில் குறடு ஸ்பிரிங் உந்தித் தானாகவே மறுபடி திறந்துகொண்டது, ஒரு நாள்கூட ஓய்வெடுக்காததுபோல. மெம்பர் எண்ணெய்க் குப்பியோடு வாசலில் நின்றார். தங்கச்சி அந்தக் குப்பியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

முள் வெளியே வந்தது. ஆனால் காலையிலிருந்து உள்ளே கிடந்து வீங்கியதில் கட்டைவிரல் முழுசாக மடங்காமல் போயிற்று. காலையிலேயே எடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று நர்ஸம்மா சொன்னதாகக் கேள்வி. நரம்பை இறுக்கிப் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டும். மாப்பிள்ளை கடலுக்குப் போவதை நிறுத்தினார்.

சங்கம் அந்த வருஷ அறிக்கையில் செயல்விளக்கம் மிகச் சிறப்பாக நடந்தேறியது என்று எழுதியது. ஸ்டோர் கீப்பரிடம் முத்திரையை உடைத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். "அது குறடு என்று நினைத்தேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள். மெம்பரின் யோசனையைப் பாராட்டி எண்ணெய்த் தேர்வுக் குழு போட்டார்கள். அதற்கு மெம்பரே தலைவர். மெத்தை இன்னும் கொஞ்சம் தடிமனானது. தெருவில் மட்டும் பட்டம் மாறிவிட்டது. மளிகைக் கடையில் இப்போது "எண்ணெய் வந்திருக்காரு பாரு" என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். நமக்கும் அவ்வளவு மரியாதை தெரியும்.

மெம்பர் தங்கச்சி வீட்டுக்குப் போகாமல் இல்லை. போனார். கதவைச் சாத்துவாள், கத்துவாள், காலில் விழுந்துவிடலாம் என்று தயாராகத்தான் போனார். அவள் அதெல்லாம் செய்யவில்லை. "வாங்க," என்றாள். "உக்காருங்க. தேநீர் குடிக்கிறீங்களா?"

பிறந்ததிலிருந்து அவரை நீ, வா, போ என்று கூப்பிட்டவள். அண்ணே என்பாள், அதோடு ஒரு அதட்டலும் இருக்கும். இப்போது அந்த அண்ணே காணவில்லை. தேநீரைத் தட்டோடு கூடிய கோப்பையில் கொண்டுவந்து வைத்தாள். அப்படி ஒன்று அந்த வீட்டில் இருந்ததே அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று வந்ததை அவர் அந்தக் கோப்பையைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார். "காத்து மாறிடுச்சு போல," என்றார். "ஆமாங்க," என்றாள்.

"வா போன்னு திட்டேன்," என்று அவர் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டதாக எதிர்வீட்டில் சொல்கிறார்கள். "பெரிய மனுஷரை அப்படிப் பேசலாங்களா," என்றாளாம் அவள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் நாம் எதற்கு இருக்கிறோம். மாப்பிள்ளையின் தம்பி வேறொரு துறைமுகத்தில் ஐஸ் ஆலை வைத்திருப்பவர், அண்ணனைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில், முத்திரையை உடைத்த பெண் யார் என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு அடிக்கடி வந்தார்; அண்ணன் கையைப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டார். அவருக்கும் ஸ்டோர் கீப்பருக்கும் கல்யாணம் எளிமையாக நடந்தது. மெம்பர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியே நேரில் போய் "முன்னால வந்து உக்காருங்க" என்று அழைத்துவந்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி, மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தாள். கல்யாணம் முடிந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகவே அந்தத் துறைமுகத்துக்குக் குடிபோய்விட்டன. மாப்பிள்ளை இப்போது ஐஸ் ஆலையில் மேற்பார்வை. மடங்காத கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, எல்லாம் நல்லாயிருக்கு என்று நாள் முழுக்க எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பாராம்.

மெம்பரின் குறடு மறுபடி கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது, புது அரக்கோடு. கூட்டத்துக்குச் சீக்கிரம் வந்துவிடுகிற நாட்களில் அவர் அதற்கு முன்னால் நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

சங்கத்துக் குறடு நல்ல பேர் வாங்கிவிட்டது. துருவே பிடிக்காத குறடு என்று மற்றத் துறைமுகத்துச் சங்கங்களும் கேட்டு வாங்கின. தங்கச்சி போன ஊருக்கும் பெட்டி பெட்டியாகப் போயிற்று. போன மழைக்கு முன்னால் ஐஸ் லாரி ஓட்டுநர் அங்கிருந்து வந்தவர் மெம்பர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். மெம்பர் எண்ணெய்க் குழுக் கூட்டத்துக்காகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க தங்கச்சி ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க," என்றார் ஓட்டுநர். "அங்கயும் அந்தக் குறடு குடுத்திருக்காங்க. கையில வாங்கினதும் கைப்பிடியைத் தடவிப் பாத்துட்டே கொஞ்ச நேரம் நின்னாங்க. விட்டுப்போன பல்லு இருக்குற எடத்துல வெரலை வச்சு."

"என்ன சொன்னா?"

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, எண்ணெயும் போட்டுப் பாத்தாச்சுன்னு."

அண்ணன் என்றுதான் சொன்னாளா என்று மெம்பர் மறுபடி கேட்டார். ஆமாம், அண்ணன் என்றுதான் சொன்னாள் என்றார் ஓட்டுநர். மெம்பர் பல் போன இடத்தை நாக்கால் தடவியபடி வாசலிலேயே நின்றார். நாங்கள் ஜன்னலில் நின்றோம். இன்றைக்கு அவர் போகமாட்டார் என்றுதான் நினைத்தோம்.

பிறகு கூட்டத்துக்குப் போனார்.